சாயம் போக்க முதல் கிணற்றைப் பாருங்கள்

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் என் தையல் கடைக்குத் துணி தைக்க வருகிறவர்களும் வருவார்கள், துணியைக் கெடுத்துவிட்டு வருகிறவர்களும் வருவார்கள். இம்முறை ஒரு தாய் வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் மகளின் வெள்ளைச் சீருடை, கழுத்துப்பட்டியிலிருந்து இடுப்புவரை றோஸ் நிறம். சிவப்பு இல்லத்து ரீசேட்டையும் சீருடையையும் ஒரே வாளியில் ஊறப்போட்டுவிட்டு வயலுக்குப் போயிருக்கிறார்.

“அக்கா, நாளைக்குப் பிள்ளை இதைத்தான் போட்டுக்கொண்டு போகோணும்.”

“வெயிலில காயவிட்டனீங்களோ? அயன் பிடிச்சனீங்களோ?”

“இல்லையக்கா, ஈரத்தோட அப்பிடியே கொண்டு வந்திட்டன்.”

ஈரத்தோடு கொண்டுவந்ததால் அந்தச் சட்டை தப்பியது. காயவிட்டு, அயன் பிடித்துக் கொண்டுவந்திருந்தால் அன்று இரவு நான் கடையைப் பூட்டியிருக்க மாட்டேன்.

கிளிநொச்சிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். சாயம் போக்குகிற வேலையை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உடுப்புகளைக் கெடுத்துக் கெடுத்துப் படித்ததுதான். இணையத்தில் இதற்குக் காணொளிகள் நிறைய உண்டு. ஆனால் அவர்கள் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருகிற இடத்திலிருந்து பேசுகிறார்கள். வன்னியில் அதே மருந்தை அதே அளவில் போட்டால் வேறொரு விளைவு வரும். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் ஊர்த் தண்ணீரையும் கணக்கில் எடுத்து ஒருமுறை எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு உடுப்பின் சாயம் இன்னொன்றில் ஏறியிருந்தால் அது ஒரு வேலை. அந்தச் சாயம் பெரும்பாலும் நூலின் மேலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், இளக்கி எடுத்துவிடலாம். உடுப்பின் சொந்த நிறத்தையே கழற்ற வேண்டுமென்றால் அது முற்றிலும் வேறு வேலை. அங்கே சாயம் நூலோடு கட்டிப்பிடித்திருக்கும், அதை உடைக்கத்தான் வேண்டும். முதலாவதற்குப் போய் இரண்டாவதின் மருந்தைப் போடுவதுதான் அதிகம் பேர் விடுகிற பிழை.

துணி எது என்று பார்த்தல்

உள்தையலில் இருக்கிற சீட்டைப் பாருங்கள். எத்தனை வீதம் கொட்டன், எத்தனை வீதம் பொலியெஸ்டர் என்று அதில் இருக்கும். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த பிள்ளைகள் கையால் தடவியே சொல்லிவிடுவார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அப்படியானவர்கள் இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

சீட்டு இல்லையென்றால் உள்மடிப்பிலிருந்து நாலைந்து நூலை உருவி, குறட்டால் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். கொட்டன் கடதாசி மாதிரி எரியும், கடதாசி மணம்தான் வரும், சாம்பலைத் தொட்டால் பொடியாகிவிடும். பொலியெஸ்டர் சுருண்டு உருகும், அடங்கியதும் கறுப்பாகக் கட்டியான ஒரு மணி நிற்கும், நகத்தால் நசிக்க முடியாது. பட்டும் கம்பளியும் தலைமயிர் கருகிற மணம் வரும். கலப்புத்துணி என்றால் எரியவும் செய்யும், உருகவும் செய்யும். இந்த வேலையை வாளிக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள், உருகிய பொலியெஸ்டர் விரலில் விழுந்தால் தோலோடுதான் வரும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மருந்தைத் தீர்மானிப்பது நிறமல்ல, துணிதான். கொட்டனின் சாயத்தை வீட்டில் கழற்றலாம். பொலியெஸ்டர் சாயம் ஏறியதே நூறு பாகைக்கு மேற்பட்ட சூட்டில். நூலுக்குள்ளே போய் இருந்துகொண்டிருக்கிற அதை வீட்டு அடுப்பில் ஒன்றும் செய்ய முடியாது. ப்ளீச் போத்தலை முழுதாகக் கவிழ்த்தாலும் பொலியெஸ்டர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் நிலைமை நேர்மாறு. ப்ளீச் பட்டால் சாயத்துக்கு முதல் துணி போய்விடும். சரிகை வைத்த சேலை எதையும் இந்தக் கட்டுரையைப் பார்த்து வாளிக்குள் போடாதீர்கள். அதற்குத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

தண்ணீர்

இதற்குத்தான் தலைப்பில் கிணற்றைச் சொன்னேன்.

வன்னியில் ஒரு வளவின் தண்ணீர் மாதிரி அடுத்த வளவின் தண்ணீர் இருக்காது. பூநகரிப் பக்கம் பல இடங்களில் உவர். சில இடங்களில் சவர்க்காரம் எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குப் பிடிக்கும். அது வன்னீர், சுண்ணாம்புத் தன்மை கூடியது. இன்னும் சில குழாய்க்கிணறுகளில் இரும்பு. இறைத்த உடனே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், கொஞ்ச நேரம் நின்றால் மஞ்சளாகும்.

வன்னீரில் சவர்க்காரமும் சலவைத்தூளும் சுண்ணாம்போடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், துணிக்கு மிஞ்சாது. இளகிய சாயமும் திரும்பத் துணியிலேயே படியும். இதற்கு வழி இலேசு. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டுக் கலக்கிவிட்டு, சற்று நேரம் கழித்துத் துணியைப் போடுங்கள். சலவைச் சோடா கிடைக்காவிட்டால் அப்பச்சோடாவை வாங்கி இரும்புத் தாச்சியில் ஈரமில்லாமல் அரை மணித்தியாலம் வறுங்கள். முதலில் கொதிக்கிற மாதிரிக் குமிழி விட்டு அசையும், பிறகு அடங்கிப் படுத்துவிடும். அடங்கியதும் அது சலவைச் சோடாதான். அப்பம் சுட மட்டும் இனி அதை எடுக்காதீர்கள்.

இரும்புத் தண்ணீர்தான் பொல்லாதது. ஒரு வெள்ளை வாளியில் தண்ணீரைப் பிடித்து இரவு முழுக்க மூடாமல் வையுங்கள். காலையில் அடியில் செம்மண் கலந்த மாதிரி வண்டல் இருந்தால் உங்கள் கிணற்றில் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் குளோரீன் ப்ளீச்சை ஊற்றினால், மெல்ல மெல்ல இரவு முழுக்க நடக்கிற காரியம் ஒரே நிமிடத்தில் நடக்கும். கரைந்திருந்த இரும்பெல்லாம் துருவாகத் திரண்டு, துணியில் போய் உட்கார்ந்துவிடும்.

எனக்கு இது தெரிய வந்தது அப்பாவின் வேட்டியில். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்குப் போக வைத்திருந்த வேட்டியில் என் சேலைச் சாயம் கொஞ்சம் பட்டுவிட்டது. வளவிலிருக்கிற குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் ப்ளீச் கலந்து தோய்த்தேன். சேலைச் சாயம் போனது உண்மை. ஆனால் வேட்டி முழுக்கப் பால் விடாத தேத்தண்ணி நிறம், இடையிடையே சேற்றுத்தண்ணி தெறித்த மாதிரிப் பொட்டுகள். இன்னும் ப்ளீச் போட்டேன். இன்னும் கறுத்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு போனார்.

பிறகு அந்த வேட்டியை மீட்டது தேசிக்காய். மழைத்தண்ணீரில் நாலைந்து முறை அலசி, ப்ளீச் மணம் துளியும் இல்லை என்று உறுதியான பிறகு, தேசிக்காய்ப் புளியும் உப்பும் தடவி வெயிலில் போட்டேன். துரு கழன்றது. ப்ளீச் மணம் இருக்கும்போது தேசிக்காய் தொடக்கூடாது, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஆகவே இரும்புக் கிணறு உள்ளவர்கள் தண்ணீரை இரவே பிடித்து வைத்து, மேலாகத் தெளிவதை மட்டும் நாலு மடிப்புத் துணியில் வடித்து எடுங்கள். இல்லையென்றால் சாயம் போக்குகிற வேலையை மாரிக்கு ஒத்திவையுங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை கூரையால் வழிகிற மழைத்தண்ணீரைவிட இந்த வேலைக்கு நல்ல தண்ணீர் வன்னியில் இல்லை. முதல் மழையை விட்டுவிடுங்கள், அது கூரைத் தூசியைக் கழுவிக்கொண்டு வரும்.

வேறு உடுப்பின் சாயம் ஏறியிருந்தால்

சீருடைக்கு என்ன செய்தேன் என்று இப்போது சொல்கிறேன். துணி கொட்டனும் பொலியெஸ்டரும் கலந்த வெள்ளை.

காயவிடக் கூடாது, வெயிலில் போடக் கூடாது, அயன் கிட்டவும் போகக் கூடாது. சாயம் ஏற்றிய உடுப்பை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு வெள்ளையைத் தனியே, நிறையத் தண்ணீரில், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். வாளிக்குள் துணி நீந்த வேண்டும். குறைந்த தண்ணீரில் கசக்கினால் கழன்ற சாயம் திரும்பவும் அதிலேயே ஏறும்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் உப்பை எடுப்பார்கள். “ரெண்டு கை உப்புப் போடு, சாயம் நிற்கும்” என்பது எங்கள் அம்மம்மா காலத்துப் பேச்சு. சாயத் தொட்டியில் உப்புப் போடுவது உண்மைதான், அது கொட்டனுக்குள் சாயத்தை ஏற்றுவதற்கு. வெள்ளைச் சட்டை மிதக்கிற வாளியில் உப்பைப் போட்டால் எந்தப் பக்கம் உதவி செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வினாகிரியும் கொட்டனில் ஏறிய சாயத்தைக் கழற்றாது.

அலசியாயிற்றா? இனிக் கொதிக்காத சுடுதண்ணீர், சலவைத்தூள். கை வைத்துப் பொறுக்கக்கூடிய சூடு போதும். கொட்டனில் ஒட்டிய வெளிச்சாயம் சூட்டில்தான் இளகும். அரை மணித்தியாலம் ஊறவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள், றோஸ் நிறமாக இருந்தால் ஊற்றிவிட்டு இன்னொரு முறை. அன்று நான் மூன்று தண்ணீர் மாற்றினேன். மூன்றாவதில் சட்டை வெளிர் றோஸ், ஆனால் இன்னும் வெள்ளையில்லை.

அதற்குப் பிறகுதான் ஒட்சிசன் ப்ளீச். தூளாக வரும், பக்கற்றின் பின்பக்கம் சோடியம் பெர்காபனேற்று என்று எழுதியிருக்கும். நாலு லீற்றர் சுடுதண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி குவித்துப் போட்டு, முழுக்கக் கரைந்த பிறகு சட்டையைப் போடுங்கள். நிறத் துணிக்கும் இது ஓரளவு பாதுகாப்பானது, பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. மெதுவாகத்தான் வேலை செய்யும். இரவு ஒன்பது மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் சட்டை வெள்ளை. கழுத்துப்பட்டியின் உள்மடிப்பில் மட்டும் ஒரு நூலளவு றோஸ் நின்றது, அதை எனக்கும் அந்தத் தாய்க்கும் தவிர யாருக்கும் தெரியாது.

நீலம் போட்டு மறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நீலம் மஞ்சளை மறைக்கும், றோஸை மறைக்காது. றோஸுக்கு மேல் நீலம் போட்டால் ஊதா வரும்.

மஞ்சள் பட்ட துணி தனிக் கதை. கோயிலில் மஞ்சள் தண்ணீர் தெறித்த வெள்ளையைச் சவர்க்காரத்தில் போட்டதும் இரத்தம் மாதிரிச் சிவக்கும், பார்த்தவர்கள் பயந்துபோவார்கள். சவர்க்காரத்தின் காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும், அலசினால் திரும்ப மஞ்சளாகும். மற்றச் சாயங்களுக்கு வெயில் வேண்டாம் என்றேன், மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. தோய்த்து ஈரத்தோடு இரண்டு நாள் கொடியில் போடுங்கள். வன்னி வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

உடுப்பின் சொந்த நிறத்தைக் கழற்ற: குளோரீன் ப்ளீச்

கொட்டனுக்கு மட்டும். லேபிளில் இலாஸ்ரிக், ஸ்பான்டெக்ஸ் என்று ஏதாவது இருந்தால் வேண்டாம், இழுவை போய் மஞ்சளாகிவிடும்.

கடையில் போத்தலில் விற்கிற திரவப் ப்ளீச்சைச் சொல்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போடுகிற குளோரீன் தூள் சில வீடுகளில் மிஞ்சிக் கிடக்கும். அதைப் பாவிக்காதீர்கள். அது பல மடங்கு கடுமை, கரையாத ஒரு பருக்கை துணியில் உட்கார்ந்தால் அந்த இடத்தில் ஓட்டைதான்.

ப்ளீச் எங்களுக்கு அந்நியப் பொருளல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனையிறவு உப்பைக் கொண்டுவந்து கரைத்து, மின்சாரம் பாய்ச்சிக் குளோரீனும் எரிசோடாவும் எடுத்த தொழிற்சாலை பரந்தனில் இருந்தது. அந்தக் குளோரீனை அந்த எரிசோடாக் கரைசலுக்குள் விட்டால் கிடைப்பதுதான் போத்தலில் இருக்கிற ப்ளீச். போரோடு அங்கே உற்பத்தி நின்றுபோனது.

வேலைக்கு வருவோம். வெளியில், காற்றோட்டமான இடத்தில், பிளாஸ்ரிக் வாளியில். கையுறை போடுங்கள், பழைய உடுப்பை உடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தெறிக்கிற ஒவ்வொரு துளியும் உங்கள் உடுப்பிலும் பொட்டு வைக்கும். ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீருக்கு நூறு மில்லிலீற்றர் ப்ளீச். துணியை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். காய்ந்த துணியைப் போட்டால் முதலில் நனைந்த இடம் முதலில் வெளுத்துத் திட்டுத் திட்டாகும். தடியால் நிறுத்தாமல் புரட்டிக்கொண்டேயிருங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் நடக்காதது இரண்டு மணித்தியாலத்திலும் நடக்காது, நூல்தான் இற்றுப்போகும்.

முதல் முறை செய்கிறவர்கள் ஒரு விடயத்துக்குத் தயாராக இருங்கள்: கறுப்பு வெள்ளையாகாது. அனேகமான கறுப்பு ரீசேட்டுகள் செங்கல் நிறத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிடும். கடும் நீலம் சிலவேளை ஊதாவுக்குப் போகும். நிறம் நின்றுவிட்டது என்று தெரிந்தால் எடுத்துவிடுங்கள். அடம்பிடித்தால் துணிக்குத்தான் நட்டம்.

எடுத்த துணியை அலசிவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இழைக்குள் ப்ளீச் நிற்கும், அது மாதக்கணக்காகத் துணியை அரித்துக்கொண்டிருக்கும். அலுமாரியில் மடித்து வைத்த சட்டை மடிப்பில் கிழிவதைப் பார்த்திருப்பீர்கள். நன்றாக அலசிய பிறகு, பாமசியில் புண் கழுவ விற்கிற மூன்று வீத ஐதரசன் பரவொட்சைட்டில் மூன்று மேசைக்கரண்டி எடுத்து ஒரு லீற்றர் தண்ணீரில் கலந்து, துணியைப் பத்து நிமிடம் போடுங்கள். சின்னச் சின்னக் குமிழி வரும். மிஞ்சியிருந்த ப்ளீச் முறிகிறது என்று அர்த்தம். குமிழி அடங்கியதும் திரும்ப அலசுங்கள்.

இதற்கு வினாகிரி போடச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வினாகிரி, தேசிக்காய்ப் புளி, கழிவறை கழுவுகிற அமிலம் எது ப்ளீச்சோடு சேர்ந்தாலும் குளோரீன் வாயு கிளம்பும். அது மூச்சுக்குழலை எரிக்கிற நஞ்சு. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற திரவங்களும் அப்படித்தான், அங்கே வேறொரு நஞ்சுவாயு. தப்பித் தவறிக் கலந்து மூக்கில் சுள்ளென்று ஏறினால் வாளியைக் கவிழ்க்கவோ கழுவவோ நிற்க வேண்டாம், எழும்பி வெளியே காற்றுக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரி.

ஹைட்ரோஸ்

பத்திக் செய்கிறவர்களும் கைத்தறிக்குச் சாயம் போடுகிறவர்களும் ஹைட்ரோஸ் என்று சொல்கிற வெள்ளைத் தூள் ஒன்று உண்டு. சோடியம் ஐதரோசல்பைற்று என்பது அதன் முழுப்பெயர். சாய இரசாயனம் விற்கிற கடைகளில் கிடைக்கும். குளோரீன் சாயத்தை எரிக்கிறது என்றால் ஹைட்ரோஸ் அதற்கு நேர்மாறான வழியில் சாயத்தின் நிறத்தைக் கெடுக்கிறது. கொட்டன் நூல் அவ்வளவாக இற்காது, திட்டுகளும் குறைவு. என் கைக்கு வந்த முறைகளில் எனக்குப் பிடித்தது இதுதான். பயமும் இதில்தான்.

பயத்தை முதலில் சொல்கிறேன். ஹைட்ரோஸ் தூளில் ஈரம் பட்டால் தானே சூடாகும், சிலவேளை தானே பற்றியும் எரியும். காற்றுப்புகாத போத்தலில், குசினியிலும் தண்ணீர்க் குடத்துக்குக் கிட்டவும் இல்லாமல், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். எப்போதும் தண்ணீருக்குள் தூளைத்தான் போட வேண்டும், தூளுக்கு மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. சட்டியிலிருந்து கந்தக வாயு கிளம்பும், தொண்டையைப் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வேறு ஆளை விடுங்கள். கூரையில்லாத முற்றத்தில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்கள்.

சட்டி எவர்சில்வர் அல்லது எனாமல். அலுமினியம் கூடாது, சோடா அதை அரித்துக் கறுப்பாக்கும், அந்தக் கறுப்புத் துணியில் ஏறும். இந்தச் சட்டியில் பிறகு சமைக்க வேண்டாம்.

ஒரு சேட்டுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர். அடுப்பில் வைத்து, அடியில் சின்னக் குமிழிகள் ஒட்டத் தொடங்கும்வரை சூடாக்குங்கள். அறுபது எழுபது பாகை, கை வைக்க முடியாது, ஆனால் கொதிக்கவில்லை. இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரையுங்கள். பிறகு இரண்டு மேசைக்கரண்டி ஹைட்ரோஸைத் தூவி மெதுவாகக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் காற்றுச் சேர்ந்து மருந்து வீணாகும். நனைத்துப் பிழிந்த சேட்டை உள்ளே அமிழ்த்துங்கள்.

இதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்கத்தான் நான் இந்த வேலையை விரும்பிச் செய்கிறேன். போன மாதம் ஒரு சிவப்புக் கொட்டன் சேட்டு. அமிழ்த்திய கையோடு ஒன்றும் நடக்கவில்லை. தடியால் ஒருமுறை புரட்டினேன், மடிப்பின் ஓரம் செம்மஞ்சளானது. இன்னொருமுறை புரட்டினேன், முதுகுப்பக்கம் முழுக்க மாம்பழ நிறம். ஐந்து நிமிடத்துக்குள் சட்டியிலிருந்தது பழைய பால் நிறத்தில் ஒரு சேட்டு, தண்ணீர் வெளிர் மஞ்சள். சிவப்பு எங்கே போனது என்று சட்டிக்குள் தேடுகிற மாதிரி இருந்தது. பத்து நிமிடம் கூட வைத்து, எடுத்து, சுடுதண்ணீரில் அலசி, பிறகு குளிர்தண்ணீரில் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தேன்.

விரித்துப் பார்த்தால் சேட்டு வெள்ளை, தையல் மட்டும் சிவப்பு. தோள்மூட்டு, பை ஓரம், பொத்தான் துளை எல்லாம் செக்கச்செவேலென்று கோடு கீறின மாதிரி. தையல் நூல் பொலியெஸ்டர். துணியின் சாயம் போகும், நூலின் சாயம் போகாது. தையல்காரியாக இருந்தும் அதை நான் யோசிக்கவில்லை. சேட்டின் சொந்தக்காரன் கம்பசுக்குப் போகிற பொடியன். அப்படியே நல்லாயிருக்கிறது என்று வாங்கிக்கொண்டு போனான். வேண்டாமென்பவர்கள் தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கத்தான் வேண்டும், அதற்குக் கூலி தனி.

எல்லாச் சாயமும் இப்படி இலேசில் விடாது. டெனிம் ஹைட்ரோஸில் மஞ்சட்பச்சையாகும், ஆகா போய்விட்டது என்று வெளியே எடுத்தால் காற்றுப் பட்டதும் கண்ணுக்கு முன்னாலேயே திரும்ப நீலமாகும். டெனிமுக்குப் போடுகிற அவுரி நீலத்தின் குணம் அது. டெனிமுக்கு மேலே சொன்ன குளோரீன் முறைதான் சரிவரும். அச்சடித்த படங்கள், இறப்பர் மாதிரித் தடிப்பாக இருக்கும் எழுத்துகள் இரண்டு முறைக்கும் அசையாது. பழைய காலத்துச் சாயவேர்ச் சிவப்பும் இலேசில் கழராத இனம். ஒல்லாந்தர் காலத்தில் மன்னார்ப் பக்கம் அந்த வேரைக் கிண்டி எடுத்துத்தான் துணிக்குச் சிவப்புப் போட்டார்கள், படிகாரத்தோடு சேர்ந்து இழையைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு துணி உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் கிடந்தால் அதைச் சட்டிக்குள் போட நினைக்கிற கையை அடிக்க வேண்டும்.

எந்த மருந்தானாலும் முழு உடுப்பையும் போட முதல், உள்மடிப்பில் ஒரு மூலையை ஒரு கோப்பை கரைசலுக்குள் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். பொத்தானும் உலோகச் சிப்பும் கழற்றக்கூடியவை என்றால் கழற்றிவிடுங்கள். கழுவி முடிந்த துணியை நிழலில் காயப்போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு நிறத்தைப் பாருங்கள். ஈரத்தில் எல்லாமே கொஞ்சம் கடுமையாகத்தான் தெரியும். போதவில்லையென்றால் அடுத்த நாள் செய்யுங்கள். ப்ளீச்சையும் ஹைட்ரோஸையும் ஒரே நாளில், ஒரே வாளியில் சந்திக்க விடாதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

வேறு நிறம் ஏற்ற நினைப்பவர்கள் கழற்றிய நிறத்தைவிடக் கடுமையான நிறமாகப் பார்த்து எடுங்கள், மிச்சம் நிற்கிற திட்டுகள் அதற்குள் அடங்கிவிடும்.

சட்டியில் மிஞ்சிய தண்ணீரை வாய்க்காலுக்குள்ளும் கிணற்றடியிலும் ஊற்ற வேண்டாம். ஹைட்ரோஸ் தண்ணீரை ஆறவைத்து, மூடாமல், இடையிடையே தடியால் கலக்கிவிட்டு ஒரு நாள் வெளியே வையுங்கள், காற்றுப் பட்டு மருந்து முறிந்துவிடும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு ஐதாக்கி, கிணற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் எட்டத்தில், பற்றைப் பக்கமாக ஊற்றுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் வேலியோரம் ஊற்றினேன். அந்த இடத்தில் நின்ற முருங்கைக் கன்று அந்த மாரிக்குத் தளிர்க்கவில்லை.